கொஞ்சம் உட்காருங்கப்பா

பழைய நினைவைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு யாரும் என் அறைக்கு வருவதில்லை. கான்ஃபிடென்ஸ் இல்லை என்பார்கள். மீட்டிங்கில் வாயே வரவில்லை, புரமோஷனுக்கு விண்ணப்பம் போடப் பயமாக இருக்கிறது, நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னால் மூன்று நாள் தூக்கம் போய்விடுகிறது என்பார்கள். தன்னம்பிக்கை வளர ஏதாவது பயிற்சி சொல்லுங்கள் மேடம் என்று முடிப்பார்கள். பெரும்பாலும், யூடியூபில் பார்த்துவிட்டுக் காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று சொல்லிச் சொல்லிச் சலித்தவர்கள்தான்.

அது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு ஆய்வு உண்டு. கனடாவைச் சேர்ந்த ஜோவன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்டது. தன்மதிப்பு குறைந்தவர்களை, ‘நான் அன்புக்குரிய ஆள்’ என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். சொல்லாமல் இருந்தவர்களைவிடச் சொன்னவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் கிடைத்தது. எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. ‘என்னால் முடியும்’ என்று வாய் சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் ‘கிழிச்சே’ என்கிறது. அந்தக் குரலுக்கு ஒரு ஊர் உண்டு, ஒரு வகுப்பறை உண்டு, பல நேரம் ஒரு முகமும் உண்டு.

பிரிட்டனைச் சேர்ந்த மெலனி ஃபென்னல் 1997இல் இதற்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். சிறு வயதில் நடந்தவற்றிலிருந்து பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறது. அதன் பிறகு அந்த முடிவு வெளியே தெரிந்துவிடாமல் இருக்க விதிகள் போட்டுக்கொண்டு வாழ்கிறது. நூற்றுக்கு நூறு தெரிந்தால்தான் பேச வேண்டும், யாரிடமும் உதவி கேட்கக் கூடாது, பாராட்டினால் நம்பக் கூடாது என்று விதிகள் நீளும். பத்து வயதுப் பிள்ளை எழுதிய தீர்ப்பை நாற்பது வயதிலும் அப்பீல் இல்லாமல் அனுபவிக்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். ஆனால் தீர்ப்பின் வாசகம் என்ன என்பது பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. சம்பவம் தெரியும், வாசகம் தெரியாது. அதைப் படிக்க அந்த இடத்துக்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இனி நான் சொல்லப்போகிறவர் தனி ஒருவர் அல்லர். பலருடைய கதைகளைக் கலந்து, ஊரையும் வேலையையும் மாற்றி எழுதுகிறேன். வங்கி அதிகாரி, முப்பத்தெட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரத்து மீட்டிங்கிலிருந்து தொடங்கினோம். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், மேனேஜர் என்ன கேட்டார், அப்போது உடம்பில் எங்கே என்ன ஆனது. “தொண்டையில ஏதோ அடைச்சுக்குது. காதெல்லாம் சூடாயிடுது.” அந்த அடைப்போடு கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னேன். பிறகு மீட்டிங்கை விட்டுவிட்டு, அடைப்பையும் காதுச் சூட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போகச் சொன்னேன். உணர்ச்சியையே பாலமாக்கும் இந்த வழியை ஜான் வாட்கின்ஸ் 1971இல் எழுதி வைத்தார். எதையும் தேட வேண்டாம், வந்தால் வரட்டும், வராவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவருக்கு வந்தது ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. மறந்துபோன சம்பவம் இல்லை. ‘கணக்குல பதினேழு மார்க் வாங்கி அப்பாகிட்ட அறை வாங்கினேன்’ என்று கணவரிடம், தோழிகளிடம் சிரித்துக்கொண்டே எத்தனையோ முறை சொன்ன கதை. சிரித்துச் சொல்லும் கதைகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

கண்ணை மூடப் பிடிக்காதவர்கள் தரையைப் பார்க்கலாம். அவர் தரையைப் பார்த்தார்.

“இப்ப எங்க இருக்கீங்க?”

“ஹெச்.எம். ரூம் வாசல்ல நின்னுட்டிருந்தேன்.”

“நிக்கிறேன்னு சொல்லுங்க.”

“நிக்கிறேன்.”

“கால்ல என்ன போட்டிருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. செருப்ப வெளிய விட்டுட்டேன். தரை சில்லுன்னு இருக்கு.”

“கையில?”

“கணக்கு பேப்பர். சுருட்டி வச்சிருக்கேன். வேர்வையில சிவப்பு மை கையெல்லாம் ஒட்டியிருக்கு.”

செருப்பையும் மையையும் கேட்பது கதைக்கு அழகு சேர்க்க அல்ல. தரையின் குளிர்ச்சி வந்த பிறகுதான் சிரித்துச் சொன்ன கதை கலைந்து நடந்தது வருகிறது. அப்பா சைக்கிளில் வருகிறார், அரை நாள் கூலியை விட்டுவிட்டு. ஹெச்.எம். முன்னால் கைகட்டி நிற்கிறார். வெளியே வந்ததும் ஓர் அறை. வராந்தாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். “உனக்குப் போய் ஃபீஸ் கட்டுறேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்.”

இதில் எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டேன். அறை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், அல்லது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்தது. இரண்டும் இல்லை. அப்பா கைகட்டி நின்றது. யார் முன்னாலும் அப்பா அப்படி நின்று அவர் பார்த்ததில்லை. “என்னாலதானே மேடம் அப்படி நின்னாரு.”

அவர் ‘நான் மக்கு’ என்ற முடிவோடு வாழ்கிறார் என்றுதான் அதுவரை நாங்கள் இருவருமே பேசிக்கொண்டிருந்தோம். தீர்ப்பு அதுவல்ல. ‘என்னால் என்னைச் சேர்ந்தவர்களுக்குத் தலைகுனிவு’ என்பதுதான். தனக்குத் தெரியாது என்பது வெளியே வந்துவிடும் என்பதற்காக மீட்டிங்கில் தொண்டை அடைக்கவில்லை. தான் தப்பாக எதையாவது சொல்லித் தன் மேனேஜர் மேலிடத்தின் முன் கைகட்டி நிற்க வேண்டி வந்துவிடுமோ என்றுதான் அடைத்தது. மக்கு என்ற தீர்ப்புக்காக இவருக்கு ஆயிரம் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

இதற்கு மேல் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த அர்னௌட் ஆர்ன்ட்ஸும் வேர்ட்மனும் 1999இல் எழுதியது, மூன்று கட்டம். முதலில் பிள்ளையாகவே அந்த இடத்தில் இருப்பது. அடுத்து, இன்றைய பெரிய ஆளாக அதே காட்சிக்குள் நுழைந்து என்ன செய்யத் தோன்றுகிறதோ அதைச் செய்வது. மூன்றாவதாக மறுபடியும் பிள்ளையாகி, அந்தப் பெரிய ஆள் செய்ததை வாங்கிக்கொள்வது.

“இன்னிக்கு இருக்கிற நீங்க அந்த வராந்தாவுக்கு வாங்க. என்ன பாக்குறீங்க?”

“ஒரு பொண்ணு. ரெட்டைப் பின்னல்.” பிறகு கொஞ்சம் திகைப்போடு, “ரொம்ப சின்னவளா இருக்கா மேடம்.”

இந்தத் திகைப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிறது. நாம் நம்மை எந்த வயதிலும் பெரிய ஆளாகத்தான் நினைத்து வைத்திருக்கிறோம். என்ன செய்யத் தோன்றுகிறது என்று கேட்டேன். வெகுநேரம் பேச்சில்லை. “அப்பா நிக்கிறாரே.”

புண்படுத்தியவரை இந்த இடத்தில் எதிர்த்து நிற்பது வழக்கமான நடைமுறை. ஆளால் முடியாவிட்டால் தெரபிஸ்டே கற்பனைக்குள் நுழைந்து பிள்ளைக்காகப் பேசுவதும் உண்டு. அடித்துத் துன்புறுத்தியவர்கள், அத்துமீறியவர்கள் என்றால் அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் நம்மிடம் வருகிறவர்களில் பலருடைய நினைவில் நிற்பது, தங்களுக்காக உழைத்து ஓய்ந்த அப்பாவோ அம்மாவோதான். கற்பனையில்கூட எதிர்த்துப் பேச வாய் வராது. “பாவம் மேடம் அவரு.” இதை ஒரு தடையாக நினைத்து, கோபத்தை வெளியே கொண்டுவந்தே தீருவது என்று பிடிவாதம் பிடிக்கும் தெரபிஸ்டுகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பாசம் பொய்யில்லை. அதை உடைத்துத்தான் பிள்ளையை மீட்க முடியும் என்றால், வீட்டுக்குப் போனதும் குற்றவுணர்ச்சி வந்து மீட்டதையும் கொண்டுபோய்விடும்.

அப்பாவை ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்தப் பெண்ணிடம் போக மட்டும் வழி இருக்கிறதா பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார், என்னிடம் அல்ல: “அந்த பெஞ்ச்ல கொஞ்சம் உட்காருங்கப்பா. நான் இவகிட்ட பேசிட்டு வரேன்.”

மரியாதையில் ஒரு இம்மி குறையவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்ணால் அப்பாவை உட்காரச் சொல்ல முடியாது. வளர்ந்த மகளால் முடியும். உட்கார்ந்தாரா என்று கேட்டேன். “உட்கார்ந்துட்டார். துண்டால மூஞ்சியத் தொடைக்கிறார்.” பிறகு அந்தப் பிள்ளையிடம் அவர் சொன்னதை நானாக யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். “அப்பா கைகட்டி நின்னது உன்னால இல்ல. அந்த ஹெச்.எம். முன்னாடி எல்லா அப்பாவும் அப்படித்தான் நின்னாங்க.”

மூன்றாம் கட்டத்தை அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பெரிய ஆள் ஆறுதல் சொல்லியாயிற்று, முகம் தெளிந்தாயிற்று, நேரமும் முடிந்தது என்று. சொன்னது பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேதான் தெரியும். மறுபடி ஏழாம் வகுப்புக்குப் போகச் சொல்லி, “பக்கத்துல ஒரு அக்கா நிக்கிறாங்க. உனக்கு என்ன வேணும், கேளு” என்றேன். கட்டிக்கொள்ளச் சொல்லும் என்று நினைப்போம். “அந்தப் பின்னக் கணக்கைப் புரியிற மாதிரி சொல்லிக் குடுங்க” என்றது பிள்ளை. வங்கி அதிகாரி வராந்தாப் படியில் உட்கார்ந்து மீ.சி.ம. எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். நான் குறுக்கே பேசவில்லை.

நினைவுக்குள் போய் மாற்றுவது புதிய யோசனை அல்ல. பிரான்ஸின் பியேர் ஜானே 1889இல் வெளியிட்ட நூலிலேயே இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண், இடது கண் தெரியாது. ஆறு வயதில், முகத்தின் இடப்பக்கம் தோல் நோய் வந்த ஒரு குழந்தையோடு படுக்க வைக்கப்பட்டவர். ஜானே அவரை ஹிப்னாடிச நிலையில் அந்த இடத்துக்குக் கொண்டுபோய், அந்தக் குழந்தைக்கு நோயே இல்லை, அழகான குழந்தை என்று நம்ப வைத்தார். பார்வை திரும்பியது என்று எழுதியிருக்கிறார். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது, எதை மாற்றுவது என்பதை ஜானேவே முடிவு செய்தார் என்பதுதான். இன்று வருகிறவர்தான் அதை முடிவு செய்கிறார். ஜானே என் இடத்தில் இருந்திருந்தால் அந்தப் பேப்பரில் நூறு மார்க் போட்டுக் கொடுத்திருப்பார்.

அப்படியானால் பழைய நினைவு அழிந்துவிடுகிறதா என்று கேட்கிறார்கள். 2000இல் கரீம் நாடர், ஷேஃப், லெடூ மூவரும் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். பயந்த நினைவைக் கிளறிவிட்டு, உடனே மூளையின் அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால் அந்தப் பயம் பிறகு வரவில்லை. கிளறிய நினைவு கொஞ்ச நேரம் இளகியிருக்கிறது, மறுபடி இறுக வேண்டியிருக்கிறது என்று அதற்குப் பொருள். அதை அப்படியே மனிதர்மேல் ஏற்றி ‘நினைவை அழிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்வது எனக்குப் பிடிக்காது. கிறிஸ் புரூவின் சொல்லும் விளக்கம் நான் பார்ப்பதோடு பொருந்துகிறது: பழையது அங்கேயேதான் இருக்கிறது, பக்கத்தில் புதிதாக ஒன்று வருகிறது, தொண்டை அடைக்கும்போது எது முந்திக்கொண்டு வருகிறது என்பதில்தான் போட்டி. அதனால்தான் செஷனில் வந்த காட்சியை வீட்டிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன், மீட்டிங்குக்கு முந்தைய இரவு உட்பட.

இளகுகிற பொருள் என்பதால் தப்பாகவும் இறுகும். எலிசபெத் லாஃப்டஸும் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை 24 பேரிடம் சொன்னார்கள். கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ அரைகுறையாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. எதையும் தேட வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மறைந்த நினைவு ஒன்று இருக்க வேண்டும் என்று தோண்டுகிற வேலை என்னிடம் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும் சம்பவம் என்றால், வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தக் காட்சியைத் தொடுவதும் இல்லை. இன்றைக்கும் அடி விழுகிற வீட்டில் இருப்பவரோடு அன்றைய அடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அநியாயம். அவருக்கு முதலில் தேவை பாதுகாப்பான இடம். சாக வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர்கள், குடியில் இருப்பவர்கள், வாரக்கணக்கில் தூங்காதவர்கள் விஷயத்தில் மனநல மருத்துவரைச் சேர்த்துக்கொண்டு, நினைவைப் பின்னால் வைத்துக்கொள்வேன்.

நான் சொன்னவர் அடுத்த மாதத்து மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்டார். குரல் நடுங்கியதாம். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லையாம்.

அதற்குப் பிறகு வந்த கேள்வி, பலரும் கேட்பது: “அப்பாகிட்ட இதைச் சொல்லவா?” சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்த அப்பாக்கள் பெரும்பாலும் அழுது மன்னிப்புக் கேட்பதில்லை. “நானா? நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேனே” என்கிறார்கள். பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே நினைவில்லை. அவர்களுக்கு அது கூலி போன ஒரு நாள், அவ்வளவுதான். மகளின் வாழ்க்கையையே வளைத்த ஐந்து நிமிடம் அப்பாவிடம் பதிவே ஆகவில்லை என்பதைத் தாங்குவது, அறையைத் தாங்குவதைவிடக் கடினமாக இருக்கிறது சிலருக்கு. அதனால் சொல்லப் போகிறேன் என்கிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, அப்பா என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்று எழுதச் சொல்வேன். ‘ஞாபகம் இல்லை’ கட்டாயம் அதில் இருக்க வேண்டும். ‘இப்ப எதுக்கு இதெல்லாம்’ இருக்க வேண்டும். ‘உங்க அம்மா சொல்லிக் குடுத்தாளா’வும். ஒவ்வொன்றையும் நான் அப்பாவாக உட்கார்ந்து சொல்லிக் காட்டுவேன். எந்தப் பதிலுக்குப் பிறகும் எழுந்து போய்க் காபி போட முடிகிறது என்றால் போய்ச் சொல்லலாம். வங்கி அதிகாரி மூன்றாவது பதிலில் சிரித்துவிட்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பார்க்கலாம் மேடம் என்று தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.