எழுதிக்கொடுத்த இடம்

தருமபுரியில் தமிழ் கற்பிக்கும் நமக்கு யுனிக்ஸோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. நம் மாணவர்கள் தமிழ்த் தட்டச்சு பழகிய கணினிக்கூடத்தில் இருபது முனையங்கள் இருந்தன. எதிலும் வன்தட்டு இல்லை. லினக்ஸ் ஓடும் ஒரே வழங்கியை நம்பியே அனைத்தும் இயங்கின. பழைய கணினிகளுக்கு மறுவாழ்வு தரும் இவ்வேற்பாட்டைப் பரவலாக்கியது, 1999-ல் ஜிம் மெக்குவிலன் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்.

இதன் வேர் இன்னும் பழையது. வன்தட்டு விலை மிகுந்திருந்த 1980-களில், சன் நிறுவனம் தட்டில்லாப் பணிநிலையங்களை விற்றது. சன் 3/50 கருவியில் நினைவகம் 4 மெகாபைட்தான். நினைவகம் நிரம்பினால், உடனே தேவைப்படாத பக்கங்களை யுனிக்ஸ் வன்தட்டில் ஒதுக்கிவைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். அதற்கான இடமே 'ஸ்வாப்'. சொந்தத் தட்டில்லாத கருவி அவ்விடத்தையும் வலைவழியே வழங்கியிடம்தான் பெறவேண்டும். வழங்கியில் ஒவ்வொரு கருவியின் பெயரிலும் ஒரு கோப்பு இருக்கும்.

அக்கோப்பை உருவாக்கச் சன் தந்த கட்டளை 'எம்கேஃபைல்'. அது, கேட்ட அளவு முழுவதையும் சுழியங்களால் நிரப்பி இடத்தை அப்போதே பிடித்துவிடும். '-என்' என்ற குறியைச் சேர்த்தாலோ அளவு மட்டும் பதிவாகும். எழுதப்படும்போதுதான் இடம் ஒதுங்கும். லினக்ஸிலும் வேறு கட்டளைகளால் இவ்விரண்டும் இயலும்.

நம் கூடத்தை அமைத்தவர்கள் இரண்டாம் வழியைக் கையாண்டிருந்தனர். வழங்கியில் மீந்திருந்தது 800 மெகாபைட். எழுதிவைத்ததோ முனையத்துக்கு 64 வீதம் 1280. எல்லாரும் ஒருசேரக் கேட்காதவரை குறை தெரியவில்லை. ஒருநாள் முன்வரிசையினர் பலரும் படங்கள் நிறைந்த பக்கங்களைத் திறக்க, வழங்கியின் தட்டு நிரம்பிற்று. பின்வரிசை மாணவி ஒருத்தியின் முனையம் உறைந்தது. இரண்டு மணிநேரம் தட்டச்சிட்ட கட்டுரை, சேமிக்குமுன்னே போயிற்று. கணக்கில் அவளுக்கும் 64 இருந்தது.

ஏரிப்பாசனம் அறிந்த நம் மாவட்டத்தார்க்கு இது விளங்காத செய்தியன்று. பதிவேட்டில் நஞ்சை என்றே இருக்கும்; ஏரி நிரம்பாத ஆண்டில் கடைமடை நிலத்துக்கு அந்தச் சொல் மட்டுமே பாயும்.

இருப்பதற்கு மேல் எழுதிக்கொடுப்பது எப்போதும் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. தேவை ஆளுக்கொரு நேரத்தில் எழுமிடத்தில் அது சிக்கனமே; இன்றைய மேகக் கணினிச் சேவைகளிலும் இவ்வழக்கம் தொடர்கிறது. ஆனால் அங்கே எஞ்சிய இடத்தை எவரேனும் ஓயாமல் கண்காணிக்கவேண்டும். வகுப்பறையின் இயல்போ வேறு: மணி அடித்ததும் இருபது பேரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். அங்கே 800-ஐ இருபதால் வகுத்து, தலா 40 மெகாபைட்டை முழுமையாக நிரப்பிக் கொடுப்பதே முறை. 40 சிறிதுதான். எனினும் போதாமை வந்தால், மிகுதியாகத் திறந்தவரின் முனையத்தோடு அது நின்றுவிடும், பின்வரிசைக்குப் போகாது.