வியாழன் இரவுச் சமையல்

வியாழன் இரவில் எங்கள் வீட்டு அடுப்படி என் பொறுப்பு. நான் ஆக்குவது மாட்டிறைச்சியும் நூடில்ஸும். "ஹஸரத், ஆலிம்களுக்கு இது தகுமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபடுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. அதை ஓதிக் கொடுப்பவருக்கு அடுப்படி மட்டும் தூரமா?

இறைச்சியை நாருக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்ட வேண்டும். நீளவாக்கில் வெட்டினால் பல்லில் இழுபடும். இஞ்சி, உள்ளி, மிளகுத்தூள், இடித்த செத்தல் மிளகாய், சோயா சோஸ் பிரட்டி ஒரு மணிநேரம் வைப்பேன். சோஸிலேயே உப்பு உண்டு. கை அவசரப்படக் கூடாது. தாச்சி நன்றாகச் சூடேறியதும் இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். பிறகு லீக்ஸ், கரட், கடைசியாக அவித்து வடித்த நூடில்ஸ்.

மகள் மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னும் கேட்பாள். மனைவியோ பகலெல்லாம் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வருபவள். மற்ற நாட்களில் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆறிய சோற்றைத்தான் சாப்பிடுகிறாள். வியாழனில் ஆவி பறக்கும் முதல் பீங்கான் அவளுக்கு. சட்டி கழுவுவதும் நானே.