எண்ணும் தெருவும்

கலாநிதிப் பட்டம் வேண்டி யாம் மேற்கொண்டிருக்கும் ஆராய்ச்சி யாதென அன்பர் பலர் வினவுகின்றனர். ஜனத்தொகைக் கணக்கைக்கொண்டு இங்கிலாந்து தேசத்துக் குடியிருப்புக்களை வகைப்படுத்துவதே அஃது என விடை பகர்ந்தால், "தெருவின் தன்மையை அறியக் கணிதமும் வேண்டுமோ? நடந்து சென்று நோக்கின் விளங்காதோ?" என்று நகைப்பர். அந்நகையில் உண்மையுமொன்று உளதென்பதை யாம் காலந்தாழ்த்தே உணர்ந்தோம். அதனை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

தெருத்தெருவாக ஆராய்ந்த பெரியார் ஒருவர் முன்னரே இருந்தனர். லிவர்ப்பூல் நகரிற் பிறந்த வணிகராகிய சார்ல்ஸ் பூத் என்பார் 1886 முதல் 1903 வரை லண்டன் மாநகர மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தனர். வீடுதோறுஞ் செல்லும் பள்ளிக்கூட வருகைக் கண்காணிப்பாளரிடம் செய்தி திரட்டி, தெருக்களை ஏழு வகையாக்கிப் படத்தில் வர்ணந் தீட்டினர். பெருஞ்செல்வர் தெரு மஞ்சள். வறியர் தெரு நீலம். கடைப்பட்டதெனக் கருதிய தெரு கறுப்பு. நகர மக்களுள் நூற்றுக்கு 30.7 பேர் வறுமையில் உழல்கின்றனர் என அவர் கண்டது பெருந்தொண்டேயாம். ஆயினும் கறுப்புத் தெருவினரைக் கொடியோரென்றும் அரைக்குற்றவாளிகளென்றும் அப்படத்தின் குறிப்பே கூறிற்று. அத்தெருவிற் பிறந்த குழவியும் அவ்வர்ணத்தையே பூண்டதன்றோ?

நிற்க. இக்காலத்து முறை வேறு. 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் ஐக்கிய இராச்சியம் 2,23,060 சிறு பகுதிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 125 குடும்பங்கொண்டது. லீட்ஸ் சர்வகலாசாலையார் தேசியப் புள்ளிவிவர நிலையத்தாருடன் கூடி, வயது, வீட்டின் வகை, தொழில், கார் உடைமை முதலாய 41 கூறுகளால் அவற்றை ஒப்பிட்டு, 7 பெருந்தொகுதிகளாகவும், 21 தொகுதிகளாகவும், 52 உட்தொகுதிகளாகவும் வகுத்தனர். முறை எளிதே. கூறுகள் யாவும் ஒரே அளவுகோலுக்குக் கொணரப்பெறும். சில நடுப்புள்ளிகள் நிறுவப்பெறும். ஒவ்வொரு பகுதியும் தனக்கு மிக அண்மையிலுள்ள புள்ளியைச் சாரும். சார்ந்தவற்றின் சராசரி புதிய நடுப்புள்ளியாகும். மாற்றம் ஒழியுமளவும் இங்ஙனமே மீண்டும் மீண்டும் நிகழும். கணிப்பொறி தொகுதிகளையே தரும். பெயர் தருவோர் மனிதரே.

யாமும் வடபுலத்து நகரொன்றை இவ்வாறு வகுத்து, ஒரு தொகுதிக்கு 'மாணவர் குடியிருப்பு' எனப் பெயர் சூட்டி மகிழ்ந்தோம். ஒருநாள் மாலை அத்தொகுதியிற் பட்ட தெருவொன்றிற் சென்றோம். ஒருபால் மாணவர் விடுதி. மறுபால் முதியோர் வாழுஞ் சிறு வீடுகள். வாயிலில் நின்ற மூதாட்டியார் ஒருவர் எம் வரவின் காரணத்தை வினவ, விளக்கினோம். "எங்கள் தெருவிற்கு உம் ஏட்டில் என்ன பெயரோ?" என்றனர். கூறினோம். அவர் சினந்தாரல்லர். விடுதியைச் சிறிது நேரம் நோக்கிப் பின், "அங்ஙனமாயின் நாங்கள் எங்கே இருக்கின்றோம்?" என்றனர். எமக்கு விடை தோன்றவில்லை.

இல்லம் மீண்டு கணக்கை நோக்கினோம். அப்பகுதி இரு நடுப்புள்ளிகளுக்கு ஏறக்குறையச் சமதூரத்தில் நின்று, மயிரிழை வேறுபாட்டால் ஒன்றிற் சேர்ந்திருந்தது. அவ்வேறுபாட்டை எம் பட்டியல் காட்டவில்லை. யாம் இட்ட பெயரோ முற்றும் மறைத்தது. இத்தகைய பெயரை நம்பி ஆஸ்பத்திரியும் பஸ் வசதியும் அமைப்போர் உளராயின், அம்மூதாட்டியார் போல்வார்க்கு நேருங் குறை சிறிதன்று.

பகுதியின் தன்மையை மனிதர்மேல் ஏற்றுதல் பிழையென ராபின்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர் 1950-இல் எழுதினர். 1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கில், பிறநாட்டிற் பிறந்தோர் மிக்க மாநிலங்களில் எழுத்தறியாதார் குறைவு. ஆளாளாக நோக்கின், பிறநாட்டிற் பிறந்தோருள்ளேயே எழுத்தறியாதார் மிகுதி. இதனை யாம் கற்றிருந்தும் மறந்தோம். நிலத்தை ஐந்திணையாக வகுத்த நம் முன்னோரும் திணைமயக்கத்திற்கு இடம் வைத்தனரன்றோ?

ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் அது தன் நடுப்புள்ளியினின்று விலகி நிற்குந் தூரத்தையும், அடுத்த புள்ளியின் தூரத்தையும் பட்டியலிற் சேர்த்தோம். வேலை சில திங்கள் நீண்டது, அதற்கு வருந்தினோமல்லேம்.

புள்ளிவிவரம் பயிலும் இளைஞர்காள்! எண்ணை இகழற்க. இரண்டு லக்ஷத்திற்கு மேற்பட்ட பகுதிகளை எவரும் நடந்து காணவியலாது. எண்ணாவிடின் பலர் குறை எவர்க்கும் தோன்றாது. ஆயினும் பெயரிடுமுன் ஒரு தெருவிலேனும் நடந்து காண்க. மூதாட்டியாரின் வினாவிற்கு முழுவிடை இன்னும் எம்மிடம் இல்லை. அதனை எம்மையே வினவிக்கொள்ளாது இப்பொழுது எத்தொகுதிக்கும் யாம் பெயரிடுவதில்லை.