விளக்குத் தோட்டத்து வீராங்கனைகள்



துருக்கியின் இஸ்தான்பூல் நகரில் ஃபெனர்பாச்சே என்றொரு விளையாட்டுக் கழகம் உண்டு என்பதைக் கால்பந்து பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அதே கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி, 2023ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் அடுத்தடுத்து ஐரோப்பாவின் முதல் அணியாக முடிசூடிய செய்தி நம்மில் பலருக்கு எட்டியிராது. எட்டிய வீடுகளிலும் அது ஒரே விதமாக எட்டவில்லை. எங்கள் வீட்டையே சொல்கிறேன். "முஸ்லிம் நாட்டுப் பெண்கள் ஐரோப்பா முழுவதையும் வென்றுவிட்டார்கள், பார்த்தாயா?" என்று என் காக்கா பூரித்துப் போனார். உம்மாவோ திரையில் ஒரு கணம் பார்வையைச் செலுத்திவிட்டு, "இந்த உடையிலா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், பிறகு தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கிவிட்டார்கள். இருவரில் எவருக்கும் உடனே மறுமொழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அணியைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததையும் அதனால் எழுந்த எண்ணங்களையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 'ஃபெனர்' என்றால் விளக்கு; கலங்கரை விளக்கத்துக்கும் அதுவே பெயர். 'பாச்சே' பாரசீகத்திலிருந்து துருக்கி மொழிக்குச் சென்ற சொல். தோட்டம் என்று பொருள். பெங்களூரின் லால்பாக்கில் இருக்கிறதே 'பாக்', அது இதற்கு உறவுச் சொல்தான். நகரின் ஆசியக் கரையில், மர்மராக் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு முனையில் விளக்கம் நின்றதால் அவ்விடத்துக்கு அப்பெயர் வந்தது. அது அடங்கிய பெரும் பகுதியின் பெயர் காடிகோய். காஜியார் ஊர் என்று நாம் அதைத் தமிழில் சொல்லிக் கொள்ளலாம். உஸ்மானிய ஆட்சிக் காலத்தில், 1907ஆம் ஆண்டில், அங்கேதான் இக்கழகம் பிறந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, நீரிணைக்கு அப்பால் ஐரோப்பியக் கரையில், ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள் தொடங்கிய கழகம் கலாத்தாசராய். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள போட்டி, தலைமுறை தலைமுறையாக இஸ்தான்பூல் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கணவன் ஒரு கட்சி, மனைவி மறு கட்சி என்று இருக்கும் வீடுகளும் அங்கு உண்டு.

நம் நாட்டில் விளையாட்டுக் கழகம் என்றால் ஒரே ஆட்டத்துக்கு உரியது என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். துருக்கியில் அப்படியன்று. கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, படகோட்டம் எல்லாம் ஒரே கழகத்தின் கிளைகள். ஒரே பெயர், ஒரே நிறம். கால்பந்துக்குத் திரளும் கூட்டமும் அதனால் சேரும் பெயரும் பொருளும் மற்றக் கிளைகளுக்கும் நிழல் தருகின்றன. ஃபெனர்பாச்சேயின் மஞ்சளும் கருநீலமும் அணிந்து பெண்கள் கூடைப்பந்து ஆடத் தொடங்கியது 1954ஆம் ஆண்டில். ஆண்களுக்கென்று எழுந்த ஒரு பெருமரத்தின் கிளையில் பெண்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

இக்கழகத்துக்கும் பெண்களுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுகையில் ஒரு கால்பந்துச் செய்தியையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. ரசிகர்களின் ரகளைக்குத் தண்டனையாக, 2011 செப்டம்பரில் ஃபெனர்பாச்சே ஓர் ஆட்டத்தைப் பார்வையாளர் இன்றி ஆட வேண்டியிருந்தது. துருக்கிக் கால்பந்துச் சம்மேளனம் யோசித்து, ஆண்களுக்கு மட்டும் கதவை அடைத்தது. பெண்களும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் இலவசமாக வரலாம் என்றது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து அரங்கை நிறைத்தார்கள்! முக்காடிட்ட மூதாட்டிகளும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். தண்டனை திருவிழாவாயிற்று.

கூடைப்பந்துக்குத் திரும்புவோம். 1990களில் துருக்கிப் பெண்கள் பட்டம் பெரும்பாலும் கலாத்தாசராயின் கையிலேயே இருந்தது. பிறகு காற்று திசை மாறியது; 2006 முதல் 2013 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஃபெனர்பாச்சே வென்றது. உள்நாட்டில் எட்டு முறை வென்றவர்களுக்கு ஐரோப்பா மட்டும் வசப்படவில்லை. 2013இல் ஐரோப்பிய இறுதியாட்டம் வரை சென்று ரஷ்யாவின் எக்காத்தரின்பர்க் அணியிடம், அந்த அணியின் சொந்த ஊரிலேயே, தோற்றார்கள். அடுத்த ஆண்டு அதே ஊரில் மீண்டும் இறுதியாட்டம். இம்முறை எதிரே நின்றது வேறு யாருமல்லர், கலாத்தாசராய்! 69-58 என்று கலாத்தாசராய் வென்றது. ஐரோப்பியப் பெண்கள் பட்டத்தைத் துருக்கிக்கு முதன்முதலாகக் கொண்டு வந்த பெருமையையும் அதுவே தட்டிச் சென்றது. ஃபெனர்பாச்சேயின் தூணாகப் பல ஆண்டுகள் ஆடிய நெவ்ரியே யில்மாஸ் அன்று கலாத்தாசராய்ப் பக்கம் நின்றார் என்பது காயத்தில் உப்பு. 2017இல் மூன்றாம் முறை இறுதியாட்டம், அதுவும் எக்காத்தரின்பர்க்கில், அதுவும் தோல்வி. 2022இல் நான்காம் முறை. இம்முறை ஆட்டம் இஸ்தான்பூலிலேயே, சொந்த மக்கள் முன்னிலையில், ரமளான் மாதத்தில் நடந்தது. ஹங்கேரியின் சோப்ரோன் அணி 60-55 என்று வென்று, கோப்பையை எடுத்துக்கொண்டு போயிற்று.

இந்த வரலாற்றில் என் மனம் தங்கி நிற்பது பிர்செல் வர்தார்லி என்ற பெண்மணியிடம். பந்தைக் கொண்டு செலுத்தி ஆட்டத்தை நடத்துகிற இடம் அவருடையது. நெடுங்காலம் ஃபெனர்பாச்சேயில் ஆடியவர். துருக்கி தேசிய அணிக்கும் தலைமை ஏற்றவர். 2013, 2014, 2017 ஆகிய மூன்று இறுதியாட்டத் தோல்விகளும் அவர் கண்முன் நிகழ்ந்தவை. கடைசியில் கோப்பை வந்தபோது அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கோப்பை ஏந்தியவர்களின் படங்களில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஆனால் எட்டாண்டுத் தொடர்வெற்றியும், இறுதியாட்டம் வரை செல்லும் பழக்கமும் அவர் போன்றோரின் உழைப்பில் விளைந்தவை.

இனி 2023. அவ்வாண்டு பிப்ரவரி 6ஆம் நாள் அதிகாலையில் துருக்கியின் தென்கிழக்கை உலுக்கிய நிலநடுக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பிரிந்தன. அவர்களுள் ஒருவர் நிலாய் அய்தோகான். முப்பது வயதுக் கூடைப்பந்து வீராங்கனை. சன்காயா பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர். மலாத்யாவிலிருந்த தம் பாட்டியைப் பார்க்கப் போன இடத்தில் இடிபாடுகளுக்குள் மடிந்தார். அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்லிடம் அருள்வானாக. ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. வீடிழந்த ஏராளமான குடும்பங்கள் அடைக்கலம் தேடிப் போன நகரங்களுள் ஒன்று, மத்தியதரைக் கடலோரத்து மெர்சின்.

இரண்டு மாதங்கள் கழித்து, ஏப்ரல் 16ஆம் நாள், செக் நாட்டின் பிராக் நகரில் ஐரோப்பிய இறுதியாட்டம். துருக்கியில் அன்று ரமளான் பிறை 25. ஆடியவை இரண்டும் துருக்கி அணிகள்: ஒன்று ஃபெனர்பாச்சே, மற்றது அந்த மெர்சின் நகரத்து அணி! 99-60 என்று ஃபெனர்பாச்சே வென்றது. நான்கு தோல்விகளுக்குப் பின் ஐந்தாம் முயற்சியில் கிட்டிய பட்டம்.

இப்போது என் காக்காவின் பூரிப்புக்கு வருகிறேன். இது முஸ்லிம் வெற்றியா? அவ்வாறு சொல்லிக்கொள்ள எனக்கு நாணமாக இருக்கிறது. அந்த அணியின் பெரும் நட்சத்திரங்களான பிரியானா ஸ்டூவர்ட் அமெரிக்கர். எம்மா மேஸ்மன் பெல்ஜியம் நாட்டவர். இருவரும் முன்பு எக்காத்தரின்பர்க்கில் ஆடியவர்கள். பெண்கள் கூடைப்பந்தில் வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த ரஷ்ய அணி, 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. வீராங்கனைகள் வேறு களம் தேடினார்கள். துருக்கிக் கழகங்கள் கதவைத் திறந்தன. ஒரு போரின் விளைவும் பணத்தின் வலிமையும் அந்தக் கோப்பையில் கலந்திருக்கின்றன. அதன்மேல் நம் மார்க்கத்தின் பெயரைப் பொறிப்பது அவர்களுக்கும் நியாயமன்று, நமக்கும் அழகன்று.

துருக்கிப் பெண்களின் திறமையைத்தான் பார்க்க வேண்டுமென்றால் தேசிய அணியைப் பார்க்கலாம். ஒருவர் இருவர் நீங்கலாக அந்நாட்டில் வளர்ந்தவர்களே ஆடிய அணி, 2011இல் ஐரோப்பியப் போட்டியில் வெள்ளி வென்றது, 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஆடியது, 2013இல் வெண்கலம், 2014இல் சொந்த நாட்டில் நடந்த உலகப் போட்டியில் நான்காம் இடம்.

உம்மாவின் கேள்விக்கு மறுமொழி அவ்வளவு எளிதன்று. அந்த உடை நம் வீட்டுப் பெண்களுக்கு ஒவ்வாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் சகோதரிகளே, இதையும் கேளுங்கள். முழுக்க மூடி, முக்காடிட்டு ஆட விரும்பிய பெண் ஒருத்தி துருக்கியில் இருந்திருந்தால், அவளுக்கு அந்த ஆடுகளத்தில் இடம் கிடைத்திருக்குமா? 2017 வரை கிடைத்திருக்காது. சுவிட்சர்லாந்திலிருந்து செயல்படும் பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி அப்படி. ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குமேல் எதையும் தலையில் அணியக் கூடாது; அணிந்தால் பிறருக்குக் காயம் நேரும் என்பது அவர்கள் கூறிய காரணம். துருக்கி அரசுமே அந்நாளில் முக்காட்டுக்குக் கதவடைத்திருந்தது. பல்கலைக்கழகங்களில் 1997க்குப் பின் இறுக்கிப் பிடிக்கப்பட்ட தடை 2010 வாக்கில்தான் தளர்ந்தது. அரசு அலுவலகங்களில் 2013இல் விலக்கப்பட்டது. படிப்பா, முக்காடா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லப்பட்ட பெண்களின் நாடு அது. "முஸ்லிம் நாடு" என்று நாம் சொல்லும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில், முக்காட்டைக் கழற்ற மறுத்த கத்தார் பெண்கள், மங்கோலியாவுடனான ஆட்டத்தை விட்டுக்கொடுத்துப் போட்டியிலிருந்தே விலகினார்கள். அமெரிக்காவில் பில்கீஸ் அப்துல் காதிர் என்றொரு பெண். பள்ளிக் கூடைப்பந்தில் 3,070 புள்ளிகள் எடுத்து மாசசூசெட்ஸ் மாநிலச் சாதனையைத் தம் பெயரில் எழுதியவர். முழுக்கையும் முக்காடுமாகப் பல்கலைக்கழக அணியில் ஆடினார். தொழில்முறை ஆட்டக்காரராக ஐரோப்பாவுக்குச் செல்ல விரும்பியபோது அந்த ஐந்து சென்டிமீட்டர் குறுக்கே நின்றது. இவரைப் போன்றோர் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2017 மே மாதம் ஹாங்காங்கில் கூடிய சம்மேளனம் விதியை மாற்றியது. அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. கறுப்பு, வெள்ளை அல்லது அணிச்சட்டையின் நிறத்தில் தலையணி இருக்கலாம். முகத்தை மறைக்கக் கூடாது. ஊசியோ கொக்கியோ தொங்கும் நுனியோ இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. பில்கீஸின் ஆடும் பருவமோ அதற்குள் கடந்துவிட்டது.

அதனோடு கதை முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். 2024இல் இறுதியாட்டம் மெர்சின் நகரிலேயே, நோன்புப் பெருநாளுக்கு நான்காம் நாள் நடந்தது. ஃபெனர்பாச்சே 106-73 என்று வென்று பட்டத்தைத் தக்க வைத்தது. தோற்றது வில்னேவ் தாஸ்க் என்னும் பிரான்சு நாட்டு அணி. அந்தப் பிரான்சில், பன்னாட்டு விதி மாறிய பிறகும், உள்நாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2022இல் எல்லா நிலை ஆட்டங்களிலும் முக்காட்டைத் தடை செய்தது. பிரான்சின் இளையோர் அணியில் ஆடிய தியாபா கொனாத்தே, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முக்காட்டுடன் ஆடலாம். பிறந்த நாட்டில் ஆட முடியாது என்ற நிலை வந்தது.

வெளியார் அடைத்த கதவுகளைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டுக் கதவையும் பார்க்கத்தானே வேண்டும்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி முந்தியதையும், பின்னொரு நாள் அண்ணலார் முந்தி, இது அன்றைக்கு ஈடு என்று நகைத்ததையும் நம் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டு மகிழ்கிறோம். ஆனால் நம் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆனதும், என்ன உடை, எந்த இடம், யார் பார்ப்பார்கள் என்று ஆராயாமலே, "இனி ஓடாதே" என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்து விடுகிறோம். அதன் பிறகு நாற்பது வயதில் சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொல்லும் மருத்துவரிடம்தான் அவள் மீண்டும் கால்களைப் பற்றிக் கேள்விப்படுகிறாள். ஆடவர் பார்வை படாத இடம், உடலை மூடிய உடை, தொழுகை நேரத்துக்கு இடையூறில்லாத பொழுது ஆகிய மூன்றும் கூடிவந்தால் மறுப்பதற்கு என்ன இருக்கிறது என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுப் பாருங்கள்.

இதற்குப் பெரும் அரங்கம் ஏதும் வேண்டியதில்லை. மூவர் மூவராக ஆடும் கூடைப்பந்து ஒன்று உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஒரே வளையம், தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில். பத்து நிமிட ஆட்டம். அதற்குள் ஓர் அணி 21 புள்ளி எடுத்துவிட்டால் அப்போதே முடிந்தது. களத்தின் அகலம் 15 மீட்டர், நீளம் 11 மீட்டர். நம் ஊர்களில் உள்ள பெண்கள் மதரஸாக்கள் பலவற்றில், ஆளுயர மதிலுக்குள் இருக்கும் முற்றம் அதைவிடப் பெரிது. அஸருக்குப் பின் மஃரிப் பாங்கு வரை அது வெறுமனே கிடக்கிறது.