சுமைதாங்கி

உங்கள் செல்போனை எடுங்கள். திரையின் மேல் ஓரத்தில் விசிறி மாதிரி ஒரு குறி தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் செல்போன் கம்பெனிக்கு நீங்கள் ஓர் உபகாரம் செய்துகொண்டிருக்கிறீர்கள். மயிலாப்பூர் வீட்டு ஹாலில் நீங்கள் பார்க்கும் அந்த வீடியோ டவர் வழியாக வந்திருந்தால், கோடிகளைக் கொட்டி ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். இப்போதோ, நீங்கள் தனியாகக் காசு கட்டும் பிராட்பேண்ட் கேபிளில் ஓசியில் வருகிறது. 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங் கொண்டுவந்தன. அதிலிருந்து பேச்சும் இதே ரூட்தான்.

டேட்டா ஆஃப்லோடு என்கிறார்கள். சுமை இறக்குதல். ஊர்ப்பக்கம் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள். கல்லுக்கு யாராவது கூலி கொடுத்ததுண்டா? உங்கள் தெரு இன்டர்நெட் ஆபரேட்டர்தான் இன்றைய கல். (ஏர்டெல், ஜியோ இரண்டும் வீட்டு லைனும் விற்கின்றன. அவர்களுக்கு இது ஒரே சட்டையின் இரண்டு பாக்கெட்.)

முன்பு இப்படி இல்லை. மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடும், பூத்காரருக்குக் கமிஷன். 2000-களில் நம்ம சென்னைக் கம்பெனி சிஃபி, கேபிள் டி.வி. ஆபரேட்டர்களைப் பிடித்து மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒயர் இழுத்தபோது, அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. யார் எவ்வளவு சுமந்தார் என்று கணக்கு இருந்தது. வைஃபையில் செல்போன் கம்பெனிக்கும் ஆபரேட்டருக்கும் நடுவே மீட்டரே கிடையாது.

அமெரிக்காவில் அந்த மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 2015-ல் ஸ்பிரின்ட், விமான நிலைய வைஃபை நடத்தும் போயிங்கோவோடு ஒப்பந்தம் போட்டது. பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதுவும் வேண்டாம், ஏர்போர்ட்டில் நுழைந்ததும் போன் தானாக வைஃபைக்குத் தாவும். பயணிக்குத் தெரியவே தெரியாது. காசு ஸ்பிரின்ட் தரும். காம்காஸ்ட் இன்னும் கெட்டிக்காரக் கம்பெனி. 2017-ல் வெரைசானின் டவர்களை வாடகைக்கு எடுத்துத் தானே செல்போன் சேவை தொடங்கியது. வாடிக்கையாளரின் போன் காம்காஸ்ட் வைஃபையில் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் வெரைசானுக்குக் கட்டும் வாடகை மிச்சம். கல்லே கூலியாளை வேலைக்கு வைத்துக்கொண்ட கதை!

இங்கே ஏன் நடக்கவில்லை? டேட்டா விலை. 2014-ல் ஒரு ஜி.பி. சராசரியாக 269 ரூபாய். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பிறகு படிப்படியாகச் சரிந்து 9 ரூபாய்ப் பக்கம் வந்துவிட்டது. 400-க்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் ரயில்டெல்லோடு சேர்ந்து இலவச வைஃபை கொடுத்த கூகுள்கூட, டேட்டாதான் மலிந்துவிட்டதே என்று 2020-ல் கடையைக் கட்டியது. 9 ரூபாய்க்கு விற்கிறவர், இறக்கி வைக்க 1 ரூபாய் தருவதாக வையுங்கள். ஒரு கடையில் மாதம் 500 ஜி.பி. இறங்கினால் 500 ரூபாய். லைன் செலவுக்கே காணாது. பி.காம். முதல் வருஷப் பையன்கூட வேண்டாம் என்பான்.

ஆக, எடை போட்டு விற்றால் தேறாது. இடம் பார்த்து விற்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, மாலை ஆறு மணி, ரங்கநாதன் தெரு. போனில் நான்கு கோடும் காட்டும், ஒன்றும் நகராது. உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை பேஸ்மென்ட்டில் நாலாயிரம் ரூபாய்ப் புடவைக்கு க்யூ.ஆர். ஸ்கேன் செய்துவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். பின்னால் க்யூ. அந்த யு.பி.ஐ. தகவலின் எடை சொற்பம். ஆனால் நாலாயிரம் ரூபாய் வியாபாரம் அதில் தொங்குகிறது. அங்கே வைஃபை பெட்டி மாட்டுகிறவருக்குக் கடைக்காரர் மாதவாடகை தருவார். டவர் வைக்க மாடி கிடைக்காத தெருவில், செல்போன் கம்பெனியும் ஜி.பி. கணக்கில்லாமல் பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அதற்கே லாபம்.

சட்டம் வழி விட்டிருக்கிறது. டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் இல்லாமல் வைஃபை விற்கலாம் என்கிற பி.எம்.-வாணி திட்டம் 2020 டிசம்பரில் வந்தது. 2022-க்குள் நாடெங்கும் 1 கோடி பொது வைஃபை என்பது 2018 கொள்கையின் இலக்கு. 2024 நவம்பரில் பி.எம்.-வாணி எட்டியது சுமார் 2.5 லட்சம். கடைக்காரருக்குப் பெரிய கம்பெனிகள் வீட்டு விலையில் லைன் தராமல், பல மடங்கு அதிகமான லீஸ்டு லைனைத் தலையில் கட்டியது ஒரு முக்கியக் காரணம். 2025 ஜூனில் டிராய், வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று கட்டிப்போட்டது. செல்போன் கம்பெனிகள் இந்த வைஃபையில் சுமை இறக்கவும் 2024-லேயே அனுமதி வந்தாயிற்று.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஆபரேட்டர் ஒருவரிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். ஸ்ப்ளிட்டர் பெட்டியிலிருந்து தலையைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டார்.

"அனுமதி சரி சார். ரேட்டு என்னன்னு போட்ருக்கா?"

போடவில்லை. அதைக் கம்பெனிகளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். முந்நூறு வீட்டுக்கு லைன் கொடுக்கும் இவர், கோடிக்கணக்கான சந்தாதாரர் உள்ள கம்பெனியின் எந்தக் கதவைத் தட்டுவார்? இவரைப் போல நூறு பேர் சேர்ந்து தி.நகர் முழுக்க ஒரே வலையாகக் காட்டினால் ஒருவேளை பேசுவார்கள். அதையும் சொன்னேன். "சங்கத்துல பேசிப் பாக்கறேன் சார்" என்றார்.