மலைமேல் ஓர் உபவாசம்

லெந்து என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் வசந்தத்தைக் குறிப்பது. பகற்பொழுது நீளுதல் என்பது அதன் மூலப்பொருள் என்பர். சாம்பற் புதன் தொடங்கி உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முன்வரை, ஞாயிறுகள் நீங்கலாக, அது 40 நாட்கள். மேனாட்டில் அப்பொழுது பனி நீங்கி மரங்கள் தளிர்க்கும். நமக்கோ அது மாசி, பங்குனி; ஜவ்வாது மலைக்காடுகள் இலையுதிர்ந்து நிற்குங் காலம்.

அந்நாட்களில் ஒருமுறை நாம் ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மாலைவரை உண்பதில்லை என்பது நமது நியமம். அதுகுறித்து உள்ளூரச் சிறிது செருக்கும் இருந்தது. முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்த மூதாட்டியார் ஒருவர் நமக்குச் சாமைச்சோறு கொணர்ந்து வைத்தார். "உபவாசம், அம்மா" என்றோம். அவர் இரக்கத்துடன் நோக்கி, "வீட்டிலே தானியம் தீர்ந்துபோயிற்றா, ஐயா?" என்று வினவி, தம் பங்கையும் நம் இலையிற் சேர்க்கலானார்.

நாம் நாணினோம். உணவிருந்தும் உண்ணாதிருத்தல் நமக்கு விரதம். இல்லாமையால் உண்ணாதிருந்த நாட்களையே அவர் அறிவார். அந்நாட்களை அறிந்த கையே அள்ளியும் கொடுத்தது. மறுக்க இயலாமல் உண்டோம். பசித்தவனோடு உணவைப் பகிர்வதே மெய்யான உபவாசம் என்னும் ஏசாயா 58-ஆம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருந்தும், அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

மலையிறங்குகையில் இலையற்ற மரங்களை மீண்டுங் கண்டோம். அவ்வெறுமை அவற்றிற்கு அலங்காரமன்று. நீர் அருகிய காலத்தைக் கடக்கும் வழி. நண்பர்காள், நாம் லெந்துவில் விட்டுவிடும் ஒருவேளை உணவு எவருடைய இலையைச் சென்று சேர்கின்றது?