ஐப்பசியில் சிக்கலுக்கு ஒரு பயணம்

அக்டோபர், நவம்பரில் விடுமுறைக்கு எங்கே போகலாம்? காலை நிகழ்ச்சியில் இந்தக் கேள்வியைப் போட்டால் தொலைபேசி ஓயாது. அண்மையில் அழைத்த நேயர் ஒருவர், குடும்பத்தோடு பார்சிலோனா போவதாகச் சொன்னார். மத்தியதரைக் கடலோர நகரங்களுக்கு அதுதான் நல்ல பருவமாம். கோடைக் கூட்டம் கலைந்திருக்கும், ஹோட்டல் வாடகை இறங்கியிருக்கும். கோடை முழுக்க வெயிலில் காய்ந்த கடல்நீரில் அப்போதும் இளஞ்சூடு இருக்குமாம்.

அந்த வாரம் சுங்கை பாக்காப் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். 71 வயதுக்கு அம்மா நன்றாகவே நடக்கிறார். முட்டி வலி மட்டும்தான் தொல்லை. "நாமளும் போலாமாம்மா? அங்கே கடல் ரொம்ப அழகா இருக்குமாம்" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கடல்தானே பாக்கணும்? அப்போ என்னை நாகப்பட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போ. தீபாவளி முடிஞ்ச கையோட போகணும்" என்றார்.

பார்சிலோனா அதோடு முடிந்தது.

தாத்தா வைத்த கடன்

அம்மாவின் அப்பா 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். மறு ஆண்டே, தோட்ட வேலைக்குச் செலவு கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. தாத்தா வந்த கப்பல் ரஜூலா. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. 5,000க்கும் மேற்பட்டவர்களை மேல்தளப் பயணிகளாக ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அவ்வளவு பேரும் பாயை விரித்துப் படுத்து வந்தவர்கள்தாம்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். தாத்தா கிளம்பியது ஐப்பசி மழையில். படகு ஆடிய ஆட்டத்தில் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சிக்கல் சிங்காரவேலா, உயிரோட கரை சேத்துடு. திரும்பி வந்து உனக்கு வெள்ளி வேல் சாத்தி, மொட்டை போடுறேன்" என்று வேண்டிக்கொண்டாராம்.

கரை சேர்ந்தார். ஜெரெஜாக் தீவில் தடுப்புக் காவலில் சில நாள் இருந்துவிட்டு, நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். பினாங்குப் பாலத்தில் போகும்போதெல்லாம், தெற்கே தெரியும் அந்தத் தீவை அம்மா எங்களுக்குக் காட்டாமல் விட்டதில்லை.

வேண்டுதல் மட்டும் நிறைவேறவில்லை. முதலில் ஜப்பான்காரன் காலம். பிறகு ஏழு பிள்ளைகள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. ஊருக்குப் போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்திலேயே பல வருடம் ஓடிவிட்டது. கடைசிக் காலத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, "வேலை மட்டும் கொண்டுபோய்ச் சேத்துடும்மா" என்றாராம்.

அந்த வேல் பத்து வருடமாக எங்கள் சாமி மேடையில் இருக்கிறது. விரல் நீளம்தான்.

மழையோடு ஒரு கணக்கு

சரி, தை மாதம் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சிக்கலுக்கு ஐப்பசிதான் பெரிய மாதம். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கும். ஐந்தாம் நாள் இரவு, சிங்காரவேலர் தாயார் வேல்நெடுங்கண்ணியிடம் வேல் வாங்குவார். அப்போது உற்சவர் முகத்தில் வியர்வை துளிர்க்குமென்றும், அதைப் பட்டுத்துணியால் ஒற்றி எடுப்பார்களென்றும் சொல்வார்கள். அதைக் காணத்தான் அத்தனை கூட்டம். மறுநாள் சூரசம்ஹாரம். தாத்தாவின் வேலை அந்த இரவில்தான் சேர்க்க வேண்டும் என்பது அம்மாவின் முடிவு.

தேதி அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் விழும். நாகப்பட்டினத்துக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த வட்டாரத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரை கடந்தது. லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கினார்கள் அல்லவா? ஒரே வாரத்தில் மழைக்காலத்தைக் காரணம் காட்டி அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தேன். "2017ல நம்ம வீட்டுக்குள்ளேயே முட்டி வரைக்கும் தண்ணி வரலையா? அதுக்காக ஊரைவிட்டா ஓடினோம்?" என்று கேட்டார். அந்த நவம்பர் 4, 5ஐப் பினாங்குக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மத்தியதரைக் கடல் மட்டும் என்ன? 2024 அக்டோபர் 29இல் ஸ்பெயினின் வலென்சியா வட்டாரத்தில் பெய்த மழை 200க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. கோடையில் சூடேறிய கடலின் ஈரக்காற்று, மேலே வந்த குளிர்காற்றைச் சந்தித்ததன் விளைவு அது. அக்டோபரில் குளிக்க இதமாக இருக்கும் அதே சூடுதான் அந்த மழைக்கும் தீனி போட்டது. ஆகவே எந்தக் கடலோர ஊருக்கு அந்தப் பருவத்தில் போனாலும், மழைக்கும் சேர்த்தே நாள் ஒதுக்க வேண்டும்.

எங்கள் திட்டம்

உங்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

பினாங்கிலிருந்து சென்னைக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானச் சேவை தொடங்கியது. எங்கள் வீட்டிலிருந்து பத்து காவான் வழியாக இரண்டாவது பாலத்தைக் கடந்தால் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் பக்கம்தான். ஆனாலும் நாங்கள் கேஎல்ஐஏவிலிருந்து திருச்சி போகிறோம். நவம்பர் மழையில் சென்னையே தண்ணீரில் நின்ற கதை நமக்குத் தெரியும். அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு ஓர் இரவு ரயில் பயணமும் இருக்கிறது. திருச்சி கடலைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நினைத்த இடத்தில் காரை நிறுத்தி அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம். புயல் என்றால் தஞ்சாவூரிலேயே தங்கி, பெரிய கோயிலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம்.

வேல் வாங்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாகவே நாகப்பட்டினம் போய்விடுவோம். திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாள் எந்த வேலையும் வைக்கவில்லை. மழைக்காலப் பயணத்தில் இப்படிக் காலியாக விட்ட நாள்கள்தாம் நம்மைக் காப்பாற்றும். பயணக் காப்புறுதியைச் சீட்டு வாங்கும்போதே எடுத்துவிடுங்கள். புயல் உருவாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு எடுத்தால், அந்தப் புயலுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். அதன் எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். உள்ளூர்க்காரர் "கூண்டு ஏத்திட்டாங்க" என்றால் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள்.

தங்குவதற்கு வேளாங்கண்ணியில் விடுதிகள் நிறைய உண்டு. மாதா திருவிழா செப்டம்பர் 8ஆம் தேதியோடு முடிந்துவிடுவதால் அந்த நெரிசல் இருக்காது. வடக்கே நாகூர் தர்கா. அதன் ஐந்து மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஜார்ஜ்டவுனில் சூலியா தெரு முனையில் நாம் கடந்துபோகும் சிறிய நாகூர் தர்கா, அந்த மகானின் நினைவாகக் கப்பலேறி வந்தவர்கள் எழுப்பியதுதான்.

நாகப்பட்டினத்துக்கும் நம் வட்டாரத்துக்கும் இருக்கும் உறவு தோட்டக் காலத்தில் தொடங்கியதும் அல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முன் கடாரத்தரசன் சூளாமணிவர்மன் பெயரில் அங்கே ஒரு புத்த விகாரம் எழுந்தது. இராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடு நெதர்லாந்துக்குப் போனதால் லைடன் செப்பேடு என்று பெயர் பெற்றது. மகன் இராஜேந்திரன் 1025 வாக்கில் அதே கடாரத்தின் மீது படையெடுத்தான். விகாரத்தைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். மிஞ்சி நின்ற கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். அந்த மண்ணில் கிடைத்த புத்தர் சிலைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவர் குடியிருப்புகளுக்கும் போக நினைத்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே நாளில், அதே ஆழிப்பேரலைக்குப் பினாங்கும் 50க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது.

படிவத்தில் ஒரு கட்டம்

இந்தியாவுக்கு மின்-விசா வேண்டும். அரசாங்கத்தின் அதிகாரத்துவ இணையத்தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் தளங்கள் இருக்கின்றன. பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஆட்களுக்கு அந்த 'ஏ/பி', 'ஏ/எல்' விஷயத்தில் குழப்பம் வரும்.

அம்மாவுக்காகப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன். தந்தையின் பெயர், நாடு என்று கேட்டு, தந்தை பிறந்த ஊர் என்ற கட்டத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. "தாத்தா எந்த ஊரும்மா?"

அம்மா யோசித்தார். "நாகப்பட்டினம் பக்கம்னு சொல்வாரு. நடந்தே சிக்கல் கோயிலுக்குப் போவாராம். ஊர்ப் பேரு..." அதற்கு மேல் வரவில்லை. ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவைக் கூப்பிட்டோம். அவருக்கும் தெரியவில்லை. ஏழு பிள்ளைகளில் ஐந்து பேர் போய்விட்டார்கள். இனிக் கேட்க ஆள் இல்லை.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள் நான். ஆயிரம் பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். தாத்தா இறந்தபோது எனக்குப் பதினாறு வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"சிக்கல்னே போட்டுடு. அவரு அந்தச் சாமி பேரைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றார் அம்மா. போட்டேன்.

இனி விடுப்புதான் பாக்கி. வானொலிக்காரர்களுக்குத் தீபாவளி வாரம் அறுவடைக் காலம் மாதிரி. தீபாவளியன்று காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு மறுநாள் கிளம்பிக்கொள்கிறேன் என்று கேட்டு, ஒரு வழியாக ஒப்புதல் வாங்கிவிட்டேன். அன்றைய நேயர்கள் என் குரலில் அவசரத்தைக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை அம்மா சேர்ப்பார். மொட்டை யார் போடுவது என்று இரண்டு வாரமாக வீட்டில் விவாதம். முதலில் தம்பி எங்கள் பயணத்திலேயே இல்லை. வேலை இருக்கிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லியிருந்தான். நேற்று இரவு குடும்ப வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவனுடைய விமானச் சீட்டின் படம். அதன் கீழே ஒரு வரி: "அக்கா, தீபாவளிக்கு முடி வெட்டச் சொல்லி அம்மா என்னைத் திட்டக் கூடாது, சொல்லிடு."